தம்பியின் பெட்டிமேல் எந்தக் கொடி

சனிக்கிழமை ஆனால் எங்கள் மெரி வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்று கல்யாண வீட்டாரிடம் கொடிகளை வாங்கி வைத்துக்கொள்கிறார். மெரி என்றால் பிரான்சில் நகராட்சி அலுவலகம். கல்யாணப் பதிவு அங்கேதான். அல்ஜீரியாக்காரர்கள், மாலிக்காரர்கள், போர்த்துக்கல்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் காரில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இறங்கும். கதவில் ஓர் அறிவிப்பு உண்டு: சத்தம் கூடாது, பட்டாசு கூடாது, வேற்று நாட்டுக் கொடி கூடாது. கிழவிகள் தோளில் போர்த்தியிருந்த கொடியை அவிழ்த்து மடித்துக் கைப்பையில் திணித்துக்கொள்வார்கள். கூரையில் பிரான்சின் நீலம், வெள்ளை, சிவப்பு மட்டும் பறந்துகொண்டிருக்கும். மூன்றாம் மாடியில் இருக்கிற என் சமையலறை ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பது என் சனிக்கிழமை வழக்கம்.

நான் இங்கே வந்த புதிதில் காரைக்கால் குடும்பம் ஒன்றின் கல்யாணத்துக்கு ஆரஞ்சு நிறப் பட்டும் பச்சைக் கரையும் வெள்ளை ரவிக்கையுமாகப் போயிருந்தேன். வாசலில் அந்தப் போலீஸ்காரர் என்னை நிறுத்தி, புடவையைக் காட்டி ஏதோ கேட்டார். அதில் 'ட்ரப்போ' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு காய்கறிக் கடைக்கு மட்டுமே போதும். புடவை அழகாக இருக்கிறது என்கிறார் போலும் என்று நினைத்து, "உய், உய், இந்தியா!" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து, அது கொடி இல்லை, சேலை என்று விளக்க வேண்டியதாயிற்று. உய் என்றால் ஆமாம்; ட்ரப்போ என்றால் கொடி. அன்று பதிவு முடியும்வரை கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு புழுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பல வருஷம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதிகம் சிரித்தவன் என் தம்பி பாலு. இப்போது அந்தக் கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் குடும்பத்தைச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியில் பாகூர் கொம்யூன், செலியமேடு. நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, வியட்நாமின் சைகோன்வரை போனவர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போனபோது, விருப்பம் உள்ளவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் வயிற்றில் பிறந்தவர்கள் அப்பாவும் நாங்களும். அப்பாவுக்குப் பிரெஞ்சு பேச வராது. ஆனால் பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். தன் சொந்த நிலத்தில் நாற்று நடுகிற மனிதர், அந்த ஊரில் குடியிருப்பதற்கு அயல்நாட்டுக்காரராக அனுமதி வாங்கி வைத்திருக்க வேண்டும். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே 'பிரெஞ்சுக்காரர் வூடு'.

பாலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா ஜூலை பதினாலு, பிரெஞ்சுத் தேசிய தின விழாவுக்கு எங்களை டவுனுக்கு அழைத்துப் போனார். அங்கே யாரோ கொடுத்த காகிதக் கொடியை அவன் ஊர்வரை பிடித்துக்கொண்டே வந்தான். பஸ் இறங்கியதும் டீக்கடை எதிரே அப்பா அதை வெடுக்கென்று பிடுங்கி மஞ்சள் பையில் போட்டார்.

"வெளியில காட்டாதடா. பார்த்தா இன்னா நெனப்பானுங்க?"

"அது நம்ம கொடிதானப்பா?"

"வூட்டுக்குள்ள நம்மது."

அப்பா சொன்னதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எதற்குப் பயம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அயல்நாட்டுக் கொடியைக் காட்டினால் எந்தச் சட்டத்தில் பிடிப்பார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். தெரியாத சட்டத்துக்குத்தான் மனிதர்கள் அதிகம் அடங்கி நடக்கிறார்கள்.

நான் கல்யாணமாகிப் பிரான்சுக்கு வந்தேன். சில வருஷம் கழித்துப் பாலுவும் வந்தான். எங்கள் வீட்டில் தங்கிப் பிரெஞ்சு படித்தான். ஒருநாள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான். அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன் என்று கத்தினேன். அவன் பாட்டுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னான்: "ஊர்ல என்ன பிரெஞ்சுக்காரன்றான். இங்க இந்தியாக்காரன்றான். யூனிஃபார்ம் போட்டா எவனும் கேக்க மாட்டான் கலாக்கா."

அது நிஜமாகத்தான் இருந்தது. யூனிஃபார்மோடு அவன் ரயிலில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

மலைப்பாதை ஒன்றில் பயிற்சியின்போது அவர்கள் போன வண்டி உருண்டது. மற்றவர்கள் அடிபட்டுப் பிழைத்தார்கள். பாலு பிழைக்கவில்லை. முகாமின் முற்றத்தில் பெட்டியை வைத்து அதன்மேல் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். துணி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இஸ்திரி போட்டது போல இருந்தது. எக்காளம் ஊதினார்கள். முடிந்ததும் அவனுடைய மேலதிகாரியான கொமாந்தான் கொடியை மடித்து என் இரண்டு கைகளிலும் வைத்து, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இது உங்கள் குடும்பத்துடையது." பிறகு குரலைத் தாழ்த்தி, உடலோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள் என்றார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தலையாட்டினேன். விமானத்தில் தம்பி கீழே சரக்கோடு வந்தான். கொடி என் மடியில் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர், அது என்ன, குளிருக்குப் போர்த்திக்கொள்கிற துணியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சென்னையிலிருந்து வண்டி செலியமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. தெருவில் பந்தல், மேளம், பூப்பல்லக்குக் கட்டிய டிராக்டர். பெட்டியை வாசலில் இறக்கியதும் அப்பா என் பையைப் பார்த்தார். கையை நீட்டினார். எரிக்கக் கூடாதாம் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். டீக்கடை எதிரே காகிதக் கொடியைப் பிடுங்கி ஒளித்த மனிதர், ஊர் மொத்தமும் பார்க்க அந்தத் துணியை உதறி விரித்துப் பெட்டிமேல் போர்த்தினார். ஓரங்களைக் கையால் நீவிவிட்டார். பிறகு பெட்டியின் தலைமாட்டில், முகாமில் நின்ற சிப்பாய்களைப் பார்த்தவர்போல, நேராக நின்றார். அவர் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கூட்டம் போன்களைத் தூக்கிப் படம் எடுத்தது. சற்று நேரத்தில் பெரியப்பா மகன் செல்வம் வந்தான். பாலுவுக்கு ஒரு வயசு மூத்தவன். இரண்டு பேரும் ஒரே டீமில் கபடி ஆடியவர்கள். இப்போது ஒரு கட்சியில் ஊர்ப் பொறுப்பில் இருக்கிறான். கண்கள் வீங்கியிருந்தன. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் இந்தியக் கொடி.

"சித்தப்பா, அத்த எடுத்துடுங்க. நம்ம கொடி வாங்கினு வந்துக்கிறேன். அவன் இந்த மண்ணுல பொறந்தவன். வேற எவன் கொடியோ போத்தி அவன அனுப்ப மாட்டேன்."

அப்பா திரும்பாமலே சொன்னார்: "அவன் எந்தக் கொடிக்குச் செத்தானோ அத்த போத்திக்கிறேன்."

"செத்துட்டான், அதுக்கின்னா? பொறந்தது எங்க சித்தப்பா?"

யாரும் கை ஓங்கவில்லை. ஆனால் செல்வத்தோடு வந்த பையன்கள் ஒரு பக்கமும் எங்கள் பங்காளிகள் ஒரு பக்கமுமாகத் தெரு பிரிந்துவிட்டது. மேளக்காரர்கள் தாங்களாகவே அடிப்பதை நிறுத்தினார்கள். இதற்குள் படம் எங்கெங்கோ போயிருந்தது. அயல்நாட்டுக் கொடியோடு ஊர்வலம் என்று யாரோ எழுதி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. சப் இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்து இறங்கினார். சின்ன வயசுக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. வெளிநாட்டுக் கொடிய பர்மிஷன் இல்லாம ரோட்டுல எடுத்துனு போவ முடியாது."

"என் புள்ள சர்வீஸ்ல செத்தான் சார்."

"புரியுதுங்கய்யா." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "எந்த சர்வீஸு?"

அப்பா கொடியின் ஓரத்தை மறுபடி நீவிவிட்டார். அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு போலீஸ்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டை மூன்று தலைமுறையாக எல்லோரும் கேட்டுவந்த கேள்வி அது.

செல்வம் உறையைப் பிரிக்கப் போனான். சப் இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"அதுவும் கூடாதுப்பா. நேஷனல் ஃபிளாக் நம்ம மிலிட்டரிக்கு, கவர்மென்ட் மரியாதைக்குத்தான் போத்தலாம். நீயா எடுத்துப் போத்தினா உன் மேலதான் கேஸு வரும்."

"அப்ப இன்னாதான் சார் பண்றது?"

"மேல கேக்கறேன் இரு." அவர் போனை எடுத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போனார். வெகுநேரம் பேசினார். மறுமுனையில் இருந்தவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அவர் 'சரிங்க சார், சரிங்க சார்' என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "மேடம், வூட்டுக்குள்ள இன்னா வேணா பண்ணிக்குங்க. ரோட்டுக்கு வந்தா அது பப்ளிக்கு. எனக்கும் வேற வழியில்ல."

வெயிலில் பெட்டி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவன் பனி விழுகிற ஊரிலிருந்து வந்தவன். எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது அது ஒன்றுதான். சீக்கிரம் நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, அதுவரை வாசற்படியில் பிடித்து உட்கார வைக்கப்பட்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"கொடியா கேட்டான் எம்புள்ள? எங்க அவன் மாமன்? கோடி போடச் சொல்லுங்கடா!"

கோடி என்றால் இறந்தவர்களுக்கு உறவுமுறையார் போர்த்துகிற புதுத்துணி. தாய்மாமன் போடுவது முதல் கோடி. அபிஷேகப்பாக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் மாமா கையில் அந்தத் துணியை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் கவனிக்கவே இல்லை. அம்மா பெட்டிமேல் இருந்த கொடியை ஒரே இழுப்பில் இழுத்து அப்பாவின் மார்பில் எறிந்தாள். செல்வத்தின் கையிலிருந்த உறையைத் தள்ளிவிட்டாள். "மூடிய தொறங்கடா, மொகத்த பாக்கணும்" என்றாள். திறந்தார்கள். பாலு யூனிஃபார்மில் இருந்தான். நெற்றியில் யாரோ அந்நிய ஊரில் வாரிவிட்ட வகிடு. அம்மா அதைக் கலைத்து, அவன் வழக்கமாக வாருகிற பக்கமாகத் திருத்திவிட்டாள். மாமா கோடியைப் போர்த்தினார். மேளம் மறுபடி எழும்பியது.

பூப்பல்லக்கு தெருக்கோடியில் திரும்பி மறையும்வரை பெண்கள் நின்றோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. அப்பா பல்லக்குக்குப் பின்னால் நடந்துபோனார். அவர் சட்டை வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சப் இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் போனார்.

ஆண்கள் திரும்பி வந்தபோது எல்லோருடைய உடம்பிலும் குளித்த ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. செல்வம் மட்டும் ஒரு துண்டு மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். என்னிடம் கொடுத்தான். உள்ளே கொடி, நனையாமல் இருந்தது.

"இன்னாடா நடந்துச்சு?" என்றேன்.

"கட்ட மேல வெச்சதும் சித்தப்பா சட்டைய அவுத்தாருக்கா. எடுத்தாரு. எடுத்து அவன் நெஞ்சு மேல விரிச்சாரு. ரோட்ல பஸ்ஸு போவுது, ஜனம் பாக்குது. எனக்கு இன்னா தோணுச்சோ தெரியல. வேட்டிய அவுத்து ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சு ரோட்ட மறைச்சினு நின்னேன். வெறும் டவுசரோட. அப்பறம் பசங்களும் நின்னாங்க. சுத்தி நின்னுட்டோம்."

"எஸ்.ஐ.?"

"அவரு ஆத்தப் பாத்துனு நின்னாரு."

"அப்பா நெருப்புல போட்டுடப் பாத்தாரா?"

"போடத்தான் பாத்தாரு. 'கலா சொல்லிக்கிது, எரிக்கக் கூடாதுன்னு'ன்னு அவரே முணுமுணுத்துக்கினு எடுத்துட்டாரு. நான்தான் புடிச்சு மடிச்சேன்க்கா."

அவன் கொண்டுவந்த இந்தியக் கொடி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. சில மாதம் கழித்து அம்மா போனில் சொன்னாள்: உறையைக்கூடப் பிரிக்காமல் பாலுவின் பழைய கபடி பனியனோடு சேர்த்துத் தன் பீரோவில் வைத்திருக்கிறானாம்.

காரியம் முடிந்து, கொடியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் காற்றடிக்கிற நாட்களில் என்னால் தூங்க முடியவில்லை. மெரி கூரையில் கொடி படபடக்கிற சத்தம் யாரோ முற்றத்தில் துணியை உதறுவது போலக் கேட்கிறது. அப்பா உதறிய அதே சத்தம். எழுந்து போய் ஜன்னலை மூடுவேன். மூடினாலும் கேட்கும். சனிக்கிழமைகளில் கிழவிகள் கொடியை மடித்துக் கைப்பைக்குள் திணிக்கும்போது, அவர்கள் எதையோ எனக்குத் தெரியாமல் உள்ளே படுக்க வைக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றும். வீட்டுக்காரர் டாக்டரிடம் போகலாம் என்கிறார். என்னவென்று போய்ச் சொல்வது? கொடியைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று பிரான்சில் ஒரு டாக்டரிடம் சொன்னால் அவர் எதை எழுதிக்கொள்வார்?

தலைத் திவசத்துக்காகப் போன ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். பாலுவின் அறையை நான் அன்றுதான் மறுபடி பார்த்தேன். அப்பா கொடியை அவன் கட்டிலில் விரித்திருந்தார், தலையணைவரை இழுத்து. ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. தெருவிலிருந்து தெரியக் கூடாதாம். வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்ன அனுமதியை அப்பா ஒரு தாழ்ப்பாள் அளவுக்குக்கூட மீறவில்லை. அறையில் வெந்நீர்ப் பானைக்குள் நிற்பதுபோல ஒரு புழுக்கம். மின்விசிறிப் பொத்தானில் கை வைத்தேன்.

"போடாதடி!" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பிறகு அவளே வந்து நிலைப்படியில் நின்றாள். "காத்து பட்டா துணி தூக்குது. நெஞ்சுகிட்ட தூக்கித் தூக்கி எறங்குது. உங்கப்பன் பாத்துட்டு வெளிய போய் உக்காந்துட்டாரு. அதுலேந்து யாரும் போடறதில்ல."

திவசம் முடிந்து சில நாளில் நான் கிளம்ப வேண்டியிருந்தது. அன்று காலை பெட்டி கட்டிவிட்டு அந்த அறைக்குப் போனேன். அம்மா கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரமாக அங்கேயே இருக்கிறாள் என்று தெரிந்தது.

"வேர்க்குது பாரு. வாம்மா வெளிய."

"நீ போடு," என்றாள்.

"இன்னாம்மா?"

"ஃபேன போடுடி. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

போட்டேன். விசிறி முக்கி முனகிச் சுற்றத் தொடங்கியது. துணி நடுவில் மெல்ல எழும்பி அடங்கியது. மறுபடி எழும்பியது. அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. ஓரம் சரிந்து கட்டிலிலிருந்து நழுவப் பார்த்தபோது எட்டி அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்தத் துணியைத் தொட்டது, பெட்டிமேலிருந்து இழுத்து எறிந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அப்போது பின்தெருப் பள்ளிக்கூடத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது. அன்று சுதந்திர தினம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. சாத்திய ஜன்னல் வழியே பிள்ளைகளின் குரல் நுழைந்தது: ஜன கண மன. என் கால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. செலியமேட்டுப் பள்ளியில் படித்த கால்கள். கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. கைப்பையில் பிரான்சுப் பாஸ்போர்ட்டும் விமானச் சீட்டும் இருந்தன. முதுகு நிமிர்ந்து, நான் அசையாமல் நின்றேன். பாட்டு முடிகிறவரை கட்டிலில் துணி எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து நிற்கவில்லை. முனையை விட்டால் அது கீழே விழுந்துவிடும்.